அன்பானவரை நினைவுகூர்வது எப்படி? கொழும்புக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அச்சகத்தில் பல வருடங்களாக நினைவு மலர்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். செத்தவீடு முடிந்து நாலைந்து நாளில் மகனோ மருமகளோ ஒரு பையில் படங்களையும் அடையாள அட்டையின் பிரதியையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். கண் இன்னும் வீங்கியிருக்கும். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றில் ஒரு வகை எனக்கு மிகவும் நெருக்கமானது: பிள்ளைகள் மேல் உயிராக இருந்தவர், யாருக்கும் ஒரு உதவி என்றால் முதலில் போய் நின்றவர், வீட்டுக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காதவர். அப்படிப்பட்ட ஒருவரை எப்படி நினைவில் வைத்திருப்பது? என் அப்பாவும் அப்படித்தான். தபால் திணைக்களத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கப் போவது, இடையில் அயலாரின் ஆஸ்பத்திரி அலைச்சல்கள். அவருக்கு மலர் செய்தபோது நான் கற்றுக்கொண்டதும் இதில் இருக்கிறது.

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது. மலர் செய்ய நேரம் போதுமா?

போதும். அச்சடிக்க மூன்று நான்கு நாள்தான். நேரம் போவது படம் தேடுவதிலும், பெயர்களைச் சரிபார்ப்பதிலும், கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் அஞ்சலிக் குறிப்புக்காகக் காத்திருப்பதிலும். ஆகையால் பக்கத்தை முதலில் தீர்மானியுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்காக வரவேண்டும். 16 பக்கம் போதுமானது, 32 தாராளம். தேவாரமும் சிவபுராணமும் போட்ட பின் அவருக்கென்று குறைந்தது எட்டுப் பக்கமாவது மிஞ்ச வேண்டும். எத்தனையோ மலர்களில் அவர் வருவது இரண்டு பக்கம்தான், மற்றதெல்லாம் எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கும் பாடல்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

மெய்ப்பைக் கட்டாயம் இரண்டு பேர் பாருங்கள், ஒருவர் குடும்பத்துக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். துக்கத்தில் இருப்பவரின் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். என் அப்பாவின் மலரில் அம்மம்மாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. பிழை பார்ப்பதையே தொழிலாகச் செய்யும் நான் அதை மூன்று தடவை பார்த்தும் காணவில்லை.

'குடும்பப் பாசம் மிக்கவர், சேவையில் சிறந்தவர், இயற்கையை நேசித்தவர்' என்று எழுதிவிட்டோம். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அந்த மூன்று சொல்லையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். கோபிக்க வேண்டாம், அவை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதே வரியை நான் நூற்றுக்கணக்கான பேருக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவைத் தெரியாத ஒருவர் அதை வாசித்தால் அவருக்கு எந்த முகமும் தோன்றாது.

என்ன செய்தார் என்று எழுதுங்கள். எந்த நாள், எந்த இடம், கையில் என்ன இருந்தது, என்ன சொன்னார். அப்பா பறவைக் கணக்கை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைப்பார். அவர் போன பிறகு அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புக் கண்ணில் பட்டது:

'அத்திடிய. காலை 6.10. தூறல். நீலத் தாழைக்கோழி 4. சிறு நீர்க்காகம் நிறைய. வெண்மார்பு மீன்கொத்தி 1. பாலத்தடியில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தார். ஆட்டோவில் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மகன் வரும்வரை இருந்தேன். தேங்காய் வாங்கவில்லை.'

அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் ஒரே சொல்: 'தெரியும்.'

அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து மலரின் நடுப்பக்கத்தில் போட்டோம். குடும்பம், சேவை, இயற்கை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. 31ஆம் நாள் வந்தவர்கள் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள்.

எல்லோரும் கொப்பி எழுதுவதில்லை, சரி. ஆனால் ஏதாவது இருக்கும். இரத்ததான அட்டை, சாரணர் பட்டி, பஸ் சிட்டைக்குப் பின்னால் எழுதிய சாமான் பட்டியல், தொலைபேசியில் வந்த குரல் பதிவு. ஒன்றுமே இல்லையென்றால் ஐந்து பேரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'அவர் உங்களுக்காகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.' 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமான மனுசன்' என்பதோடு கதை முடிந்துவிடும். என்ன செய்தார் என்று கேட்டால் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு அரைமணி நேரம் கதைப்பார்கள்.

பத்திரிகை அறிவித்தலில் எதை எழுதுவது? எந்த ஒழுங்கில்?

அந்த வடிவத்தை மாற்றப் பார்க்க வேண்டாம். 'யாழ். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, 'அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்புப் புதல்வரும், இன்னாரின் பாசமிகு கணவரும்' என்று போய், 'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று முடிகிறதே, அது பழகிய தடம். 1930இல் தொடங்கிய வீரகேசரியிலும் அதற்கு இரண்டு வருடம் பின்னால் வந்த தினகரனிலும் தலைமுறை தலைமுறையாக வாசித்துப் பழகிய கண்கள் அந்தத் தடத்தில்தான் ஆளைத் தேடும். பிறந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் 'இது எங்கட வாத்தியாரின் மகன் அல்லவா' என்று யாரோ ஒருவர் எழுந்து நிற்பார். வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒழுங்கு: பெற்றோர், மாமன் மாமி, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், மைத்துனர்மார், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். யாரும் விடுபட்டால் அந்த மனக்குறை வருடக்கணக்கில் இருக்கும். கூடப்பிறக்காமல் கூடவே இருந்த ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. அப்பாவோடு நடக்கப் போன நண்பர், வீட்டில் சமைத்துத் தந்த அக்கா. அவர்களையும் சேர்க்கலாம். நாங்கள் 'அன்பு நண்பரும்' என்று ஒரு பெயரைச் சேர்த்தோம். பெரியப்பா கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

திதி வெண்பா வேண்டுமா? இப்போது யார் அதை வாசிக்கிறார்கள்?

வேண்டும் என்பதே என் கருத்து. திதி வெண்பாவில் வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் நாலு அடிக்குள் அடங்கிவிடும். அது ஒரு பதிவு. வருடத் திவசம் ஆங்கிலத் தேதிப்படி வருவதில்லை, திதிப்படிதான் வரும். ஒரே நாளில் காலையில் ஒரு திதியும் மாலையில் இன்னொன்றும் இருக்கலாம் என்பதால், உயிர் பிரிந்த நேரத்தையும் எழுதிவையுங்கள். பத்து வருடம் கழித்து ஐயர் கேட்கும்போது 'பின்னேரம் போல' என்று சொல்லித் தடுமாற வேண்டி வராது.

யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கத்தில் இந்த மலரையே கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். இறந்தவரின் வரலாற்றைப் பாட்டாகக் கட்டி 31ஆம் நாளில் வாசிப்பார்கள். குடும்பத்தில் யாராவது வெண்பா எழுதக் கூடியவராக இருந்தால் அவரே எழுதட்டும். தளை தட்டினாலும் பரவாயில்லை.

மலரை எத்தனை பிரதி அடிப்பது? மிஞ்சினால்?

வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் இருபது. அந்த இருபதில் ஒன்றை வெள்ளவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குக் கொடுங்கள், 1942 முதல் இயங்கும் சங்கம் அது. இன்னொன்றை நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். 2005இல் தொடங்கிய அந்த இணைய நூலகத்தில் நம்மவர்களின் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு சாதாரண எழுதுவினைஞரின் மலரில் அவர் படித்த பாடசாலை, வேலை பார்த்த ஊர்கள், குடியிருந்த ஒழுங்கை எல்லாம் இருக்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த சமூகம் நாம். நம் வீட்டுத் தாளையும் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா காடு மலை என்று திரிந்தவர். அஸ்தியை ஒரு மலையுச்சியிலோ தேசிய பூங்காவிலோ தூவலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள் நினைத்ததைச் செய்ய முடியாது, பொறுப்பான திணைக்களத்திடம் கேட்காமல் எதையும் கொண்டுபோக வேண்டாம். காட்டை நேசித்தவருக்காகக் காட்டின் விதியை மீறுவது அவருக்கே பிடிக்காது.

கொழும்பில் பெரும்பாலானவர்கள் போவது முகத்துவாரம். களனி கங்கை கடலில் சேரும் இடம் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. களனி பிறப்பது சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில். ஆகவே மலையை நேசித்தவருக்கு முகத்துவாரம் அந்நியமான இடம் இல்லை, அந்த மலையில் பெய்த மழைதான் அங்கே வந்து கடலோடு கலக்கிறது. நாங்கள் அப்பாவை அங்கேதான் கரைத்தோம். மண் முட்டி, சாம்பல், உதிரிப் பூ, பால், அவ்வளவுதான். பொலித்தீன் பை, நைலோன் நூலில் கட்டிய மாலை, பிளாஸ்டிக் கிண்ணம் எதையும் தண்ணீரில் விட வேண்டாம். காலையில் போனால் காற்றுக் குறைவு. சாம்பல் முகத்தில் அடித்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரில் ஒரு மரம் நட ஆசை. எங்கே, எந்த மரம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நட்டுப் படம் எடுத்து, மூன்று மாதத்தில் காய்ந்துபோன மரங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவெடுங்கள். கொழும்பில் மழை தாராளம்தான், ஆனால் தை, மாசி காய்ந்த மாதங்கள். முதல் இரண்டு தை மாசியைத் தாண்டிவிட்டால் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதுவரை கிழமைக்கு இரண்டு தடவை ஒரு வாளி தண்ணீரோடு ஒருவர் போக வேண்டும். அந்த 'ஒருவர்' யார் என்று தெரியாமல் குழி வெட்டாதீர்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு நிலம் இல்லை. உறவினர் வீட்டு வளவு, பிள்ளை படிக்கும் பாடசாலை, கோயில் வீதி ஆகியவை நல்ல இடங்கள், அங்கே நாளும் ஒரு மனிதர் நடமாடுவார். நடுவதற்கு வைகாசியோ ஐப்பசியோ பாருங்கள், மழையே பாதி வேலையைச் செய்துவிடும்.

மரம் என்றால் எல்லோரும் வேம்பு கேட்கிறார்கள், ஊர் நினைவு. வேம்பு வறண்ட மண்ணின் பிள்ளை, கொழும்பின் ஈர மண்ணில் அது யாழ்ப்பாணத்து முற்றத்தில் போல நிமிராது. பறவையை நேசித்தவருக்கு நாவல் நடுங்கள், காய்க்கிற காலத்தில் குயிலும் வௌவாலும் அணிலும் வீடு தேடி வரும். கரையோரம் என்றால் புன்னை, வாய்க்கால் ஓரம் என்றால் மருது. ஆலும் அரசும் புனிதமான மரங்கள்தான், ஆனால் மதிலுக்கும் வீட்டுக்கும் பக்கத்தில் வேண்டாம், வேர் சுவரைப் பிளந்துவிடும்.

ஈரநிலத்துக்குள் போய் மரம் நடுவதையும் தவிருங்கள். பெத்தகான, தலங்கம, பெல்லன்வில அத்திடிய போன்ற இடங்களைப் பார்த்தால் 'வெறும் நிலமாகக் கிடக்கிறதே' என்று தோன்றும். அது வெறும் நிலம் இல்லை. அந்தப் புல்லும் நீரும்தான் மழைவெள்ளத்தை வாங்கிக்கொண்டு நம் வீட்டு வாசலைக் காப்பாற்றுகின்றன. அந்த ஈரநிலங்களுக்காகத்தான் கொழும்புக்கு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அங்கே அவரை நினைக்க வேண்டுமானால் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். திரும்பும்போது ஒரு பை நிறைய பிளாஸ்டிக் போத்தல் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். அப்பா அதைத்தான் செய்வார், நாற்றமடிக்கும் பையோடு பஸ்ஸில் ஏறி நடத்துனரிடம் ஏச்சும் வாங்குவார்.

பூங்காவில் அவர் பெயரில் ஓர் இருக்கை வைக்கலாமா?

விகாரமகாதேவிப் பூங்கா, சுதந்திரச் சதுக்கம், காலி முகத்திடல் எல்லாம் பொது இடங்கள். பொறுப்பான அதிகார சபையிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். பாடசாலை, கோயில் மடம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் இது இலகு.

பலகையில் என்ன எழுதுவது என்பதுதான் முக்கியம். காலி முகத்திடல் நடைபாதையில் ஒரு பழைய கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கியது, 1859இல் முடிந்தது, கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நன்மைக்காகப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். வார்ட் எவ்வளவு பெரியவர் என்று அதில் ஒரு சொல் இல்லை. யாருக்காகச் செய்தது, இனி யார் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பலகையையும் அந்த மாதிரி எழுதுங்கள். பெயர், வருடங்கள், 'நடந்து களைத்தவர்கள் அமர' என்று ஒரு வரி. பட்டங்களும் பதவிகளும் வேண்டாம்.

அன்னதானம் கொடுக்கிறோம். சேவை மனம் படைத்தவருக்கு அது போதுமா?

அன்னதானம் குறைந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். பசித்தவர் சாப்பிட்டு எழுந்தால் அது முழுமையான காரியம். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கோ ஒரு சிறுவர் இல்லத்துக்கோ கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். ஒரே நாளில் மூன்று குடும்பம் சோற்றுப் பார்சலோடு வந்து நிற்கும், அடுத்த நாள் யாரும் வரமாட்டார்கள். சில நாள் சோறு வேண்டாம், பால்மாவும் சவர்க்காரமும் படுக்கை விரிப்பும்தான் தேவை என்று சொல்வார்கள். அவர்கள் கேட்பதைக் கொடுங்கள்.

இதோடு அவர் செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தையும் தொடர முடியுமா என்று பாருங்கள். அப்பா இரத்தம் கொடுப்பவர். இப்போது அண்ணா கொடுக்கிறார், நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த நிலையத்தில். 18 முதல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்குக் குறையாமல், முன்பு கொடுத்து நான்கு மாதமாவது ஆகியிருந்தால் போகலாம். மற்றதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அவரது மாணவர்கள், அலுவலக நண்பர்கள் என்று பத்துப் பேர் சேர்ந்து நினைவு நாளில் போகலாம். கோப்பையில் தேநீரும் கையில் பஞ்சுமாக அவர்கள் உட்கார்ந்து அவரைப் பற்றிக் கதைக்கும் கதைகளை எந்த நினைவுக் கூட்டத்திலும் கேட்க முடியாது.

கண்தானம் இப்போது கேட்க வேண்டிய கேள்வி, இறந்த பின் கேட்கக் காலம் போதாது. கண்களைச் சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கத்தின் மூலம் இந்த நாட்டவரின் கண்கள் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கின்றன. 'எனக்குப் பிறகு என் கண்ணைக் கொடுங்கள்' என்று சொன்னவர் இருந்தால், வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். உடல் மலர்ச்சாலைக்குப் போன பிறகு ஞாபகம் வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

அவர் வருடா வருடம் சிவனொளிபாதமலை ஏறுவார். அவருக்காக நாங்கள் ஏறி, அவர் எண்ணிக்கைப்படி மணி அடிக்கலாமா?

உச்சியில் மணி அடிக்கும் வழக்கம் தெரியாதவர்களுக்காக: எத்தனை முறை ஏறினீர்களோ அத்தனை முறை அடிப்பது. 2,243 மீற்றர் உயரம். மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை பருவ காலம்.

அப்பா 14 முறை ஏறியவர். நாங்கள் மூன்று பேரும் அவர் போன அடுத்த வருடம் ஏறினோம். தம்பிக்கு 15 அடிக்க வேண்டும் என்று ஆசை, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. அண்ணா சொன்னார், 'அது அவருடைய கால் ஏறின கணக்கு, நீ உன் கணக்கை அடி.' தம்பி இரண்டு அடித்துவிட்டு இறங்கி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அண்ணா சொன்னதுதான் சரி என்று படுகிறது. நீங்கள் வேறு மாதிரிச் செய்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. வயதான அம்மாவை மட்டும் 'அப்பாவுக்காக' என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மலையடிவார ஊரான நல்லதண்ணியில் இருந்து அண்ணாந்து பார்த்தாலே இரவில் விளக்கு வரிசை தெரியும், அது அம்மாவுக்குப் போதும்.

ஊருக்கெல்லாம் ஓடினார், வீட்டில் இருந்ததில்லை. அதை எழுதலாமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மகள்மார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

எழுதலாம். எப்படி என்பதுதான் யோசிக்க வேண்டியது. ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றி எழுதிய வரியை அவர் அனுமதியோடு சொல்கிறேன்: 'என் சாமத்தியச் சடங்கன்று அப்பா வெள்ள நிவாரணத்தில் இருந்தார். மூன்றாம் நாள் சேறு காயாத சப்பாத்தோடு வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வர வெட்கப்பட்டு.' அதில் பழி இல்லை, பூசி மெழுகலும் இல்லை. அவரது அம்மா அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார், ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு 'இருக்கட்டும்' என்றார்.

சேவை செய்பவரின் பின்னால் ஒரு வீடு அவருடைய நேரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மலரில் அந்த வீட்டுக்கும் இடம் இருக்க வேண்டும். சோறு ஆறிப்போகும்வரை காத்திருந்தவரின் பெயரை 'பாசமிகு மனைவி' என்பதோடு விட்டுவிடாதீர்கள். அவரையும் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள்.

ஆடி அமாவாசையா, திவசமா, எது முக்கியம்?

இரண்டும். திவசம் அவருக்கென்று உரிய நாள். ஆடி அமாவாசை தந்தையை இழந்த எல்லோருக்கும் பொது, சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்கு. ஆடி அமாவாசைக்கு வெள்ளவத்தைக் காய்கறிக் கடைகளில் காத்தோட்டிக்காய் வரும். கைப்பான காய்தான், ஆனால் அன்றைக்கு அது இலையில் இல்லாவிட்டால் ஏதோ குறையாக இருக்கும். முகத்துவாரத்தில் அன்று கூட்டம் அதிகம், வெள்ளெனப் போய்விடுங்கள்.

31ஆம் நாள் என்பது யாழ்ப்பாண வழக்கம். மலையகத்துக் குடும்பங்கள் பலவற்றில் 16ஆம் நாள் கருமாதி. இரண்டு வழக்கமும் ஒரே வீட்டில் கலந்தால் இறந்தவரின் பக்கத்து வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், சண்டை வராது.

நாங்கள் இந்துக்கள் இல்லை. எங்களுக்கு?

கத்தோலிக்கக் குடும்பங்கள் 30ஆம் நாள் திருப்பலிக்குச் சிறு அட்டை அடிப்பார்கள், ஒரு பக்கம் படம், மறு பக்கம் செபம். செபத்துக்குக் கீழே அவர் செய்த ஒரு காரியத்தை ஒரு வரியில் சேருங்கள் என்று எப்போதும் கேட்டுக்கொள்வேன். கார்த்திகை 2ஆம் திகதி என்று வழக்கில் சொல்லும் நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் தினம். பொரளைக் கனத்தையில் அன்று மெழுகுதிரி வாங்கப் போக வேண்டாம், விலை ஏறியிருக்கும், வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

முஸ்லிம் நண்பர்கள் மலருக்கு வருவது குறைவு. அவர்கள் சொல்லித்தான் ஸதகதுல் ஜாரியா என்ற சொல்லைக் கற்றேன்: இறந்த பின்னும் நன்மை ஓடிக்கொண்டிருக்கும் தர்மம். ஒரு கிணறு, ஒரு குடிநீர்க் குழாய், நிழல் தரும் ஒரு மரம். அதில் பெயர் பொறிக்க வேண்டிய தேவைகூட இல்லை.

அவருடைய சாமான்களை என்ன செய்வது?

அவசரப்பட வேண்டாம். உடுப்பும் சப்பாத்தும் நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடலாம், வைத்திருந்தால் பூஞ்சணம்தான் மிச்சம். புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்குமுன் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள், உள்ளே ஏதாவது வைத்திருப்பார். கையால் பாவித்த ஒரு பொருளை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு பாவியுங்கள். கண்ணாடி அலுமாரியில் பூட்ட வேண்டாம். அப்பாவின் பைனாகுலரின் வார் அறுந்து, அவரே மீன்பிடி நூலால் தைத்திருந்தார். அது இப்போது அண்ணாவின் மகளிடம் இருக்கிறது. புது வார் வாங்கித்தருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறாள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்?

காணொளியில் கிரியையைப் பார்ப்பார்கள், அது சரி. ஆனால் பார்ப்பவர்களாக மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏதாவது வேலை கொடுங்கள். படங்களை ஒழுங்குபடுத்துவது, பழைய நண்பர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கதை கேட்டு எழுதுவது. வர முடியாத குற்ற உணர்வு அந்த வேலையில் கொஞ்சம் கரையும்.

வருடத் திவசத்தன்று கிரியை முடிந்த பிறகு என்ன செய்வது? வீடு வெறுமையாக இருக்கிறது.

அந்தப் பின்னேரம்தான் பாரமானது. சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் போய், பாத்திரம் கழுவி வைத்த பிறகு வரும் நேரம். அதற்கென்று ஒன்றை ஒதுக்கி வையுங்கள். அவர் நடந்த வழியில் ஒரு நடை, அல்லது பழைய படங்கள், அல்லது அவர் பேச்சை ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பது.

போன திவசத்தன்று எங்கள் வீட்டில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். அம்மா மட்டும் பல்கனியில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அப்பாவின் சீ.ஆர். கொப்பி மடியில். அவர் கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் திகதி போட்டு, நேரம் போட்டு, அம்மா எழுதியிருந்தார்: 'வீடு. மதியம் 12.40. வெயில். காகம் 9. அணில் 1. தேங்காய் இருக்கிறது.'